கேபின் பையை கேட்டில் வாங்கிக் கீழே அனுப்பினால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ திருச்சி, சென்னை போகிறவர்கள் பலருக்கு இது நடந்திருக்கும். விமானம் ஏறும் கேட்டில் வரிசையில் நின்று போர்டிங் பாஸை நீட்டும் நேரத்தில், "மேலே இடம் இல்லை, இந்தப் பை கீழே போகட்டும்" என்று ஊழியர் ஒரு டேக்கை மாட்டிவிடுவார். பின்னால் அத்தனை பேர் நிற்கும்போது உள்ளே என்ன வைத்தோம் என்று யோசிக்கக்கூட நேரம் இருக்காது. பவர் பேங்க், அப்பாவின் இன்சுலின், அம்மாவின் சங்கிலி எல்லாம் பையோடு சேர்ந்து சரக்கு அறைக்குப் போய்விடும். அந்த ஒரு நிமிடத்துக்காக வீட்டிலேயே எப்படித் தயாராவது, பிறகு ஏதாவது ஆனால் யாரிடம் போவது என்பதைத்தான் இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். அளவும் எடையும் நிறுவனத்துக்கு நிறுவனம், டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும், அதனால் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் விமான நிறுவனத்தின் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

என் பை அளவும் சரி, எடையும் சரி. அப்புறம் ஏன் கீழே அனுப்புகிறார்கள்?

மேல் அலமாரியில் இடம் போதாது, அவ்வளவுதான். நம் ரூட்டில் அதிகம் ஓடுகிற ஏர்பஸ் ஏ320 விமானத்தில் சுமார் 180 பேர் உட்காருவார்கள். 180 பேரும் ஆளுக்கொரு டிராலி பை கொண்டுவந்தால் அத்தனையையும் வைக்க அங்கே இடம் கிடையாது. விமானத்தை வடிவமைத்த காலத்தில் எல்லோரும் பெரிய பெட்டியை கவுண்டரில் போட்டுவிட்டு ஒரு சின்னப் பையோடு ஏறினார்கள். கீழே போடும் பெட்டிக்குத் தனிக் காசு என்று ஆனபிறகு எல்லோரும் எல்லாவற்றையும் கையிலேயே கொண்டுவர ஆரம்பித்துவிட்டோம். புதிய விமானங்களில் அலமாரியைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். போயிங்கின் பழைய அலமாரியில் நான்கு பை வைத்த இடத்தில் புதிய வகையில் பையைப் பக்கவாட்டில் நிறுத்தி ஆறு வைக்கலாம். ஆனால் உங்களுக்கு எந்த விமானம் வரும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது.

சுபாங்கிலிருந்து பினாங்குக்குப் பறக்கும் ஏடிஆர் விமானத்தில் இது இன்னும் சாதாரணம். இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானம் அது. அதன் மேல் அலமாரி சிறியது, மற்ற விமானங்களில் தாராளமாக நுழையும் டிராலி இதில் நுழையாமல் போகலாம்.

இன்னொரு காரணம் எடை. ஒவ்வொரு அலமாரிக்கும் இவ்வளவு கிலோதான் தாங்கும் என்று கணக்கு உண்டு, மூடியைத் திறந்தால் உட்பக்கம் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். கனமான பை தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, உங்கள் பையை வாங்கினால் நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று அர்த்தம் இல்லை, கடைசியில் ஏறியிருப்பீர்கள், அவ்வளவே.

அதற்குக் காசு கட்ட வேண்டுமா?

இடம் இல்லை என்று அவர்களாகவே வாங்கினால் பொதுவாகக் காசு கிடையாது. உங்கள் பை அளவைத் தாண்டியிருந்தால், அல்லது எடை கூடியிருந்தால், அது வேறு கதை. அதற்கு அதிகச் சுமைக் கட்டணம் உண்டு, அதுவும் கேட்டில் கட்டுவதுதான் இருப்பதிலேயே விலை கூடுதல். ஆன்லைனில் முன்பே வாங்கினால் குறைவு, கவுண்டரில் அதைவிட அதிகம், கேட்டில் எல்லாவற்றையும்விட அதிகம். ஊழியர் காசு கேட்டால், "இது அளவு கூடியதற்கா, இடம் இல்லாததற்கா?" என்று தயங்காமல் கேளுங்கள், ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

7 கிலோ என்பது ஒரு பைக்கா, எல்லாவற்றுக்கும் சேர்த்தா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஏர்ஏசியாவின் சாதாரண டிக்கெட்டில் இரண்டு பை கொண்டுபோகலாம். பெரியது 56 x 36 x 23 செ.மீ., சின்னது சீட்டுக்கு அடியில் போகும் அளவு. ஆனால் இரண்டும் சேர்த்துத்தான் 7 கிலோ. இண்டிகோவில் கேபின் பைக்கு 7 கிலோ, மூன்று பக்கமும் கூட்டினால் 115 செ.மீ., அதற்கு மேல் 3 கிலோ வரை ஒரு தனிப்பட்ட சின்னப் பை. மலேசியா ஏர்லைன்ஸ் எகானமியிலும் பைக்கு 7 கிலோதான். போகும்போது ஒரு நிறுவனம், வரும்போது வேறு நிறுவனம் என்று டிக்கெட் போட்டவர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும். போகும்போது விட்டார்களே என்று திருச்சி கவுண்டரில் வாதம் செய்து பயன் இல்லை.

பையின் சொந்த எடையை மறக்காதீர்கள். கடினமான ஓடு போட்ட 20 அங்குல டிராலி காலியாகவே மூன்று கிலோவை நெருங்கும். மிச்சம் நான்கு கிலோவில் இரண்டு சேலையும் ஒரு லேப்டாப்பும் வைத்தால் முடிந்தது. கடையில் 'கேபின் சைஸ்' என்று அட்டை தொங்குகிற பைகள் பலவற்றின் ஆழம் 25 செ.மீ. இருக்கும், 23 என்கிற நிறுவனத்தில் அது அதிகம்தான். சக்கரம், கைப்பிடி, முன்பக்கப் பாக்கெட்டின் வீக்கம் எல்லாம் சேர்த்துத்தான் அளப்பார்கள். வாங்கும்போது டேப் எடுத்துப்போய் அளந்து வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தர மாட்டேன் என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் பெரும்பாலும் பலிக்காது. டிக்கெட் வாங்கும்போது நாம் ஒப்புக்கொள்ளும் பயண நிபந்தனைகளிலேயே இந்த அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. பிடிவாதமாக நின்றால் விமானத்தில் ஏற்றாமலும் விடலாம். வேலை செய்வது இதுதான்: "சரி, எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மருந்தும் பவர் பேங்கும் உள்ளே இருக்கிறது, ஒரு நிமிடம் கொடுங்கள்." இதை மறுக்கிற ஊழியர் அபூர்வம், ஏனென்றால் பவர் பேங்க் கீழே போகக்கூடாது என்பது அவர்களுக்கும் விதி. ஆங்கிலம் வராத பெரியவர்களுக்கு மலாயே போதும், "அடா ஊபாட்" (மருந்து இருக்கிறது) என்று பையைத் தட்டிக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

அந்த ஒரு நிமிடத்தில் எதை எடுப்பது?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். அந்த நேரத்தில் எதையும் தேடி எடுக்க முடியாது. மடித்து வைத்த சட்டைக்கு அடியில், காலுறைக்குள், பக்கவாட்டு ஜிப்பில் என்று ஆளுக்கொரு இடத்தில் இருந்தால், தரையில் பையை விரித்துப் போட்டு எல்லோர் முன்னிலையிலும் துழாவ வேண்டும், அப்போது ஏதாவது ஒன்று கட்டாயம் விட்டுப்போகும்.

அதனால் வீட்டிலேயே பைக்குள் ஒரு பை வையுங்கள். தோளில் மாட்டக்கூடிய மெல்லிய துணிப்பை போதும், கோயில் விழாவில் கொடுக்கும் பை மாதிரி. பாஸ்போர்ட், அடையாள அட்டை, பணம், கண்ணாடி, மருந்து, நகை, போன் சார்ஜர், பவர் பேங்க், வீட்டுச் சாவி, காருக்கு பார்க்கிங் சீட்டு, குழந்தை இருந்தால் ஒரு வேளைக்கான பால் பவுடரும் டயப்பரும், இதெல்லாம் அந்தத் துணிப்பைக்குள். அந்தத் துணிப்பையை டிராலியில் எல்லாவற்றுக்கும் மேலே, ஜிப்பைத் திறந்தவுடன் கைக்கு வருகிற இடத்தில் வையுங்கள். கேட்டில் கேட்டார்களா, ஜிப், பை வெளியே, ஜிப். பத்து விநாடி.

அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி, முன் சீட்டுக்கு அடியில் வைத்துவிடலாம். ஏற்கெனவே தனியாக ஒரு சின்னப் பை கையில் இருந்தால் முக்கியமானவற்றை முதலிலிருந்தே அதில் வைப்பது இன்னும் நல்லது. முதல் வரிசையும் அவசர வழி வரிசையும் மட்டும் விதிவிலக்கு, அங்கே ஏறும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்க விடமாட்டார்கள்.

குடும்பமாகப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஒருவர் பையில் என்று வைப்பது நம் வழக்கம். அந்த ஒருவரின் பை டிராலியாக இருக்கக்கூடாது.

பவர் பேங்க் கீழே போனால் அப்படி என்ன ஆகிவிடும்?

லித்தியம் பேட்டரி பழுதானால் தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டே போகும், ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைப் பற்றவைக்கும். கேபினுக்குள் நடந்தால் யாராவது புகையைப் பார்ப்பார்கள், பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள். சரக்கு அறையில் பார்க்க ஆள் கிடையாது. அங்கே இருக்கும் ஹாலோன் வாயு தீச்சுவாலையை அடக்கும், ஆனால் பேட்டரிக்குள் நடக்கும் சூடேற்றத்தை அதனால் நிறுத்த முடியாது. 2010 செப்டம்பரில் துபாயில் யுபிஎஸ் சரக்கு விமானம் ஒன்று இப்படி ஏற்றிச் சென்ற லித்தியம் பேட்டரிகளில் தீப்பிடித்து விழுந்து இரண்டு விமானிகளும் இறந்துபோனார்கள்.

அதனால்தான் உலகம் முழுவதும் ஒரே விதி: பவர் பேங்க், உதிரி பேட்டரி, மின்சிகரெட் ஆகியவை கையில் மட்டும்தான். கேபின் பை கேட்டில் கீழே போகும்போதும் இவற்றை எடுத்துவிட வேண்டும். ஊழியர் கேட்க மறந்தாலும் நீங்கள் எடுங்கள், அதே விமானத்தில் நீங்களும்தானே போகிறீர்கள்.

கையில் வைத்திருந்தாலும் எங்கே வைக்கிறோம் என்பதும் இப்போது முக்கியம். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் ஒன்று கிளம்புவதற்கு முன்பே மேல் அலமாரியிலிருந்து தீப்பிடித்து எரிந்தது. எல்லோரும் தப்பினார்கள். காரணம் பவர் பேங்காக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு நம் பக்கத்து விமான நிறுவனங்களும் இறுக்கிவிட்டன. மலேசியா ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல் பவர் பேங்கை மேல் அலமாரியில் வைக்கக்கூடாது, சீட்டுக்கு அடியிலோ முன்னால் இருக்கும் பாக்கெட்டிலோ கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும், பறக்கும்போது பயன்படுத்தவும் கூடாது.

என் பவர் பேங்க் எத்தனை வாட்-அவர் என்று எப்படித் தெரியும்?

பெட்டியிலோ பின்பக்கத்திலோ எழுதியிருக்கும். வாட்-அவர் இல்லாமல் மில்லி ஆம்பியர்-அவர் (mAh) மட்டும் எழுதியிருந்தால் 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள். 10,000 என்றால் 37 வாட்-அவர், 20,000 என்றால் 74. 100 வரை அனுமதி தேவையில்லை, 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், 160ஐத் தாண்டினால் பயணிக்குக் கிடையவே கிடையாது. எத்தனை எண்ணிக்கை கொண்டுபோகலாம் என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. எழுத்தெல்லாம் தேய்ந்துபோன பவர் பேங்கைச் சோதனையில் பறித்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு, நீண்ட நாள் வைத்திருப்பதை மாற்றிவிடுங்கள். வீங்கியிருந்தால் கண்டிப்பாகக் கொண்டுபோகாதீர்கள்.

லேப்டாப்பையும் எடுக்க வேண்டுமா?

பேட்டரி உள்ளேயே இருக்கும் சாதனம் என்பதால் முழுவதுமாக அணைத்து, அடிபடாமல் சுற்றி வைத்தால் கீழே போக அனுமதி உண்டு. மூடி மட்டும் சாத்தித் தூங்கவைத்தால் அது அணைத்ததாகாது. ஆனால் என் கருத்து, எடுத்துவிடுங்கள். டிராலிகளை எப்படித் தூக்கிப் போடுகிறார்கள் என்பதை விமான ஜன்னலிலிருந்து ஒருமுறை பார்த்தவர்கள் லேப்டாப்பை அதற்குள் வைக்க மாட்டார்கள். சார்ஜ் போடும் வசதி உள்ள ஸ்மார்ட் டிராலி என்றால் பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் பையைக் கொடுக்க வேண்டும். கழற்ற முடியாத வகை வாங்கியிருந்தால் பயணத்துக்கு அது ஆகாது. பையைக் கண்டுபிடிக்க உள்ளே போடும் சின்ன டிராக்கரில் பிரச்சினை இல்லை, பட்டன் பேட்டரிதான், அது கீழே போகலாம்.

மாமியாருக்கு இன்சுலின், எனக்கு பிரஷர் மாத்திரை. என்ன செய்வது?

இரண்டும் கையில்தான், எந்தக் காரணத்துக்காகவும் டிராலியில் இல்லை. இன்சுலின் உறைந்துபோனால் பிறகு வெயிலில் வைத்து உருக்கினாலும் வேலை செய்யாது, பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சர்க்கரை இறங்காது. சரக்கு அறையில் குளிர் எவ்வளவு என்பது விமானத்துக்கு விமானம் மாறும், அதை நம்பி விடக்கூடாது. ஐஸ் கட்டியோடு ஒட்டியும் வைக்காதீர்கள், நடுவில் ஒரு துணி இருக்கட்டும்.

மருத்துவரின் சீட்டு, மருந்தின் பெயர் தெரியும் பெட்டி இரண்டும் கூடவே இருந்தால் 100 மில்லி திரவ விதியிலிருந்தும் இன்சுலினுக்கு விலக்கு கிடைக்கும். மாத்திரையைச் சின்ன டப்பாக்களில் பிரித்துப் போடுவது வீட்டுக்கு வசதி, பயணத்துக்கு அட்டையோடு கொண்டுபோவதே நல்லது. இரண்டு நாளுக்கு மட்டும் கையில், மிச்சம் பெட்டியில் என்று பிரிக்காதீர்கள். பெட்டி ஒரு வாரம் வராமலும் போகலாம்.

கல்யாணத்துக்கு நகையோடு போகிறோம். டிராலியில் பூட்டுப் போட்டு வைத்தால் போதாதா?

போதாது. கீழே போன பைக்கு விமான நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இருக்கிறது. மலேசியாவும் இந்தியாவும் சேர்ந்திருக்கும் 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அமெரிக்க டாலரில் சொன்னால் இது 2,000ஐக் கொஞ்சம் தாண்டும். இன்றைய தங்க விலையில் மூன்று பவுன் சங்கிலி ஒன்றே அதைத் தாண்டிவிடும், அதுவும் பை முழுவதற்கும் சேர்த்துத்தான் அந்த வரம்பு. பொருளின் மதிப்பை முன்கூட்டி அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டினால் வரம்பை உயர்த்தலாம் என்று உடன்படிக்கையில் வழி இருக்கிறது, ஆனால் அது பையை ஒப்படைக்கும்போதே செய்ய வேண்டிய வேலை, கேட்டில் நின்று அதைப் பேச முடியாது. நகை உடம்பிலோ அந்தத் துணிப்பையிலோ இருக்கட்டும்.

அப்பாவின் அஸ்தியை ராமேஸ்வரம் கொண்டுபோகிறோம். கேட்டில் பையை வாங்கினால்?

முதலிலிருந்தே அதை டிராலிக்குள் வைக்காதீர்கள். தனியாக, கையோடு இருக்கும் சின்னப் பையில் வையுங்கள், அது யாரும் கீழே அனுப்பச் சொல்லாத அளவில் இருக்கட்டும். டிக்கெட் போட்டவுடனேயே விமான நிறுவனத்தை அழைத்துச் சொல்லி, அவர்கள் கேட்கும் காகிதங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் அசலும் நகலுமாக எப்படியும் கையில் வேண்டும்.

பாத்திரத்தைப் பற்றி ஒரு விஷயம். செம்பு, பித்தளைச் சொம்பில் வைத்து மூடினால் எக்ஸ்ரேயில் உள்ளே தெரியாது, அப்போது சோதனையில் திறக்கச் சொல்லும் நிலை வரலாம். அந்த இடத்தில் அதைத் திறப்பது எந்தக் குடும்பத்துக்கும் தாங்கக்கூடியது இல்லை. மரப்பெட்டி அல்லது கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில், இறுக்கி மூடி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். சொம்புக்கு ராமேஸ்வரம் போனபிறகு மாற்றிக்கொள்ளலாம். கவுண்டரில் ஒரு தடவை, கேட்டில் ஒரு தடவை ஊழியரிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள். சொன்னபிறகு பெரும்பாலும் மரியாதையோடுதான் நடத்துகிறார்கள்.

எப்படியும் கீழேதானே போகப்போகிறது, ஊறுகாயும் சம்பலும் டிராலியில் வைக்கலாமா?

வைக்க முடியாது. பாதுகாப்புச் சோதனை முதலில் வருகிறது, கேட் அதற்குப் பிறகு. சோதனையில் அது கேபின் பைதான். வெளிநாட்டுப் பயணத்தில் 100 மில்லிக்கு மேல் இருக்கும் திரவம், குழம்பு, பசை எல்லாம் அங்கேயே போய்விடும். ஊறுகாய், நெய், சம்பல், தேன், தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். அவை வேண்டும் என்றால் கவுண்டரில் போடும் பெட்டியில்தான்.

திரும்பி வரும்போது ஊரிலிருந்து பூஜைச் சாமான் வாங்கிவருகிறவர்கள் கவனிக்க வேண்டியது சூடம். அது எளிதில் பற்றும் திடப்பொருள், கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. கொப்பரைத் தேங்காயையும் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. இரண்டும் லெபோ அம்பாங்கிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் கிடைக்கும்போது அங்கிருந்து சுமக்க வேண்டாம்.

மிருதங்கம், வயலின்?

இரண்டுமே கேபின் அளவுக்குள் வராது. தோல் வாத்தியத்தையும் நரம்பு வாத்தியத்தையும் கேட்டில் கொடுத்து அனுப்புவது எனக்குச் சம்மதம் இல்லை. பக்கத்து சீட்டை வாத்தியத்துக்கென்று வாங்கும் வசதி பல நிறுவனங்களில் இருக்கிறது, அரங்கேற்றத்துக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கடினமான பெட்டியில் வைத்துக் கவுண்டரிலேயே போடுங்கள். வயலினில் தந்தியைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.

பை எங்கே திரும்பக் கிடைக்கும்?

இரண்டு வழி உண்டு. ஏடிஆர் போன்ற சின்ன விமானத்தில் இறங்கியவுடன் விமானத்துக்குப் பக்கத்திலேயே தரும் வழக்கம் உண்டு. மற்றபடி போய்ச்சேரும் ஊரின் பெல்ட்டில்தான் வரும். எது என்று டேக் கட்டும்போதே கேளுங்கள்.

டேக்கில் இருக்கும் மூன்றெழுத்தைப் படிப்பது இதைவிட முக்கியம். கேயூஎல் என்றால் கோலாலம்பூர், பிஇஎன் பினாங்கு, எம்ஏஏ சென்னை, டிஆர்இசட் திருச்சி. பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வழியாகத் திருச்சி போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே டிக்கெட்டாக இருந்தும் பினாங்கு கேட்டில் அவசரத்தில் கேயூஎல் டேக் போட்டுவிட்டால் உங்கள் பை கோலாலம்பூர் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், நீங்கள் திருச்சியில் நிற்பீர்கள். போர்டிங் பாஸ் இரண்டையும் காட்டி, "கடைசி ஊர் திருச்சி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தனித்தனி டிக்கெட் வாங்கி நீங்களே விமானம் மாறுகிறவர்கள் என்றால் பை கட்டாயம் நடுவில் வெளியே வரும். கையில் மட்டும்தானே பை என்று ஒரு மணி நேர இடைவெளியில் டிக்கெட் போடுவது இதனால்தான் ஆபத்து. வெளிநாட்டிலிருந்து வந்தால் குடிநுழைவு முடித்து, பெல்ட்டில் காத்திருந்து, பையை எடுத்து, மறுபடி சோதனைக்குப் போக வேண்டும், கேஎல்ஐஏ முதல் டெர்மினலுக்கும் இரண்டாவது டெர்மினலுக்கும் நடுவே ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டியும் இருக்கலாம்.

டேக்கின் துண்டுச் சீட்டு எதற்கு? கையெழுத்துக் கேட்டால் போடலாமா?

துண்டுச் சீட்டு இல்லாமல் பையைக் கொடுக்காதீர்கள். ஒப்படைத்த ஒவ்வொரு பைக்கும் அடையாளச் சீட்டு தர வேண்டும் என்பது மாண்ட்ரியல் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அதோடு சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான ஒரு வேறுபாடு உண்டு. கையில் இருந்த பை சேதமானால் நிறுவனத்தின் தவறு என்று நிரூபிக்க வேண்டும். அவர்கள் பொறுப்பில் எடுத்த பை சேதமானால் அந்த நிரூபணம் தேவையில்லை, அவர்கள் வசம் இருக்கும்போது நடந்தது என்றாலே போதும். கேட்டில் டேக் போட்டு வாங்கிய பை இரண்டாவது வகை. அதைக் காட்டுவதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்தச் சீட்டுதான். போனில் பையைப் படம் எடுத்து, சீட்டையும் படம் எடுத்துவிடுங்கள்.

சில டேக்குகளில் 'உடைந்தால் நிறுவனம் பொறுப்பல்ல' என்ற மாதிரி வாசகம் இருக்கும், கையெழுத்தும் கேட்பார்கள். முதலில் படியுங்கள். பை ஏற்கெனவே கீறியிருந்தால் அதைக் குறிக்கலாம், நியாயம். ஆனால் உடன்படிக்கை வைத்திருக்கும் பொறுப்பைக் குறைக்கிற நிபந்தனை அதே உடன்படிக்கைப்படி செல்லாது, ஆகவே கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பிறகு புகார் கொடுக்காமல் இருக்காதீர்கள்.

இதெல்லாம் நடக்காமலே இருக்க என்ன செய்யலாம்?

சீக்கிரம் ஏறுங்கள். வரிசை குறையட்டும் என்று கடைசி வரை உட்கார்ந்திருப்பவர்களின் பைதான் கீழே போகிறது. தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை நாட்களில் விமானம் நிரம்பித்தான் போகும், அப்போது முன்னுரிமை போர்டிங் வாங்குவது வீண் செலவு இல்லை. மென்மையான முதுகுப்பை என்றால் அமுக்கி எங்காவது சொருகிவிடலாம், டிராலியை அப்படிச் செய்ய முடியாது.

இன்னொன்று, கவுண்டரிலேயே "விமானம் நிறைந்துவிட்டது, கேபின் பையை இலவசமாகப் போடுகிறீர்களா?" என்று சில நேரம் கேட்பார்கள். நான் சரி என்று சொல்லச் சொல்வேன். நிதானமாகப் பொருளை எடுக்க நேரம் இருக்கிறது, கடைசி ஊர் வரை ஒழுங்காக அச்சடித்த டேக் கிடைக்கிறது. பெல்ட்டில் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டியிருக்கும், அதுதான் இழப்பு.

பை உடைந்து வந்தது அல்லது வரவே இல்லை. இனி?

விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கவுண்டரில் பிஐஆர் என்னும் புகார்ப் படிவம் போட்டு, அதன் எண்ணை வாங்குங்கள். பெரும்பாலும் ஐந்து எழுத்தும் ஐந்து எண்ணுமாக இருக்கும் அந்த எண்ணை வைத்துத்தான் பையைத் தேடுவார்கள். அழைத்துப் போக வந்தவர்கள் வெளியே காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

படிவத்தோடு நிற்கவும் வேண்டாம். சேதம் என்றால் பையைப் பெற்ற நாளிலிருந்து 7 நாளுக்குள், தாமதம் என்றால் பை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்து மூலமாகப் புகார் கொடுக்க வேண்டும். மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். போர்டிங் பாஸ், டேக் சீட்டு, பிஐஆர் எண், படங்கள், பொருள் வாங்கிய ரசீதுகள் எல்லாம் அதோடு போகட்டும். பை வரும் வரை மாற்றுத்துணி, பல்துலக்கி வாங்கிய ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள், நியாயமான அவசரச் செலவைக் கேட்கலாம். வழக்குப் போடுவதென்றால் இரண்டு வருடத்துக்குள்.

விமான நிறுவனம் பதிலே சொல்லவில்லை என்றால் யாரிடம் போவது?

மலேசியாவில் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016 முதல் இருக்கிறது. முதலில் நிறுவனத்திடம் புகார், அவர்களுக்கு 30 நாள். அதற்கும் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் முன்பு விமானப் பயணிகளின் புகாரைக் கவனித்த மாவ்கோம் ஆணையத்திடம் போவோம். 2025 ஆகஸ்ட் 1 முதல் மாவ்கோம் தனியாக இல்லை, அதன் வேலை முழுவதும் மலேசிய வான் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்மிடம் போய்விட்டது, புகாரையும் அங்கேதான் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே செய்யலாம். இந்திய நிறுவனத்தில் போனவர்கள் இந்திய அரசின் ஏர்சேவா தளத்திலும் பதிவு செய்யலாம்.

புகார் எழுத ஆங்கிலமோ மலாயோ வரவில்லை என்று விட்டுவிடும் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். தேதி, விமான எண், டேக் எண், என்ன சேதம், எவ்வளவு கேட்கிறோம், இந்த ஐந்தும் இருந்தால் நான்கு வரி போதும்.